தபால்காரர் தோற்ற வரைக்கும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொலைக்காட்சியில் வந்த மல்யுத்த வீரர்கள் எல்லோருக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. இப்போது யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. ஒருவர் குழாய் ரிப்பேர்காரர். ஒருவர் ஹெட்மாஸ்டர், பிரம்போடு வருவார். ஒருவர் பேக்கரிக்காரர். நடுவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பையில் கைவிட்டு எதிராளியின் கண்ணில் மாவை அடிப்பார். வாரம் முழுக்க ஒழுங்காக வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் கொஞ்ச நேரம் அடிதடிக்கு வந்தவர்கள் போல இருப்பார்கள். பார்க்க நிம்மதியாக இருக்கும்.

என் மனைவிக்குப் பிடித்தவர் தபால்காரர். காக்கி அரை டிராயர், தோளில் பை. ஜெயித்தால், கீழே கிடப்பவனின் மார்பில் முத்திரை குத்திவிட்டுப் போவார். "அடிச்சதுக்கு ரசீது குடுக்கிற ஒரே ஆளு அவர்தான்" என்பாள்.

நாங்கள் கல்லூரியில் ஒரே வகுப்பு. அதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த சண்டை என்று ஒருநாள் கேன்டீனில் சொன்னேன்.

"உன் பரீட்சைக் கேள்வித்தாளும்தான் முன்கூட்டியே அச்சடிச்சது" என்றாள். "அதுக்காக நீ பெயிலாகாம இருந்தியா?"

மூன்று வருஷம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டோம்.

நான் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். பழைய வீடியோ கேசட்டுகளைக் குறுந்தகடாக மாற்றுவது என் வேலை. தினமும் மூன்று கல்யாணம் பார்ப்பேன், முன்பின் தெரியாதவர்களுடையது. அவளுடைய அண்ணன் அந்தக் காலத்தில் மல்யுத்தத்தை வாரம் தவறாமல் பதிவு செய்து வைத்திருந்தார். இருபத்திரண்டு கேசட், முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் எண். கல்யாணமான முதல் வருஷம் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் துடைத்து மாற்றிக் கொடுத்தேன். அதனால் எல்லாச் சண்டையும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவளுக்குக் கேசட்டில் பார்ப்பதுதான் பிடிக்கும். வீட்டில் ஒரு பழைய டெக் வைத்திருந்தோம்.

அவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது நான்காம் வருஷம். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்யலாம். செய்தால் பத்தில் மூன்று பேர் எழுந்திருப்பதில்லை என்றார் டாக்டர். செய்யாவிட்டால் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார். ஒரு படிவமும் கொடுத்தார்.

"நீ என்ன சொல்ற?" என்று அவள் கேட்டாள்.

"உன் இஷ்டம்."

"அம்மாவும் அதையேதான் சொல்றாங்க. அண்ணனும் அதேதான். இவ்வளவு சுதந்திரம் எனக்கு இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்லடா."

அந்த வாரத்தில் நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் நான் அதையேதான் சொன்னேன். ஒரு மனிதரின் உயிர் விஷயத்தில் இன்னொருவர் தலையிடுவது சரியில்லை என்பது என் கொள்கை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள், என் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள். "சரி, தபால்காரரையே கேட்டுடுவோம். பதினேழாம் கேசட்டைப் போடு. பேக்கரிக்காரனோட, சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டை. அவர் ஜெயிச்சா ஆபரேஷன். தோத்தா வேண்டாம்."

"விளையாடாத."

"நான் அதைப் பார்த்ததே இல்ல. அன்னிக்குன்னு பார்த்து கணக்குப் பரீட்சை. நீயும் ஒண்ணும் சொல்லக் கூடாது, முகத்துலயும் காட்டக் கூடாது."

முகத்தில் காட்டாமல் இருப்பது எனக்கு எப்போதுமே சுலபம். கேசட்டைப் போட்டேன்.

நல்ல சண்டை. ஆரம்பத்திலிருந்தே தபால்காரரின் கைதான் ஓங்கியிருந்தது. பேக்கரிக்காரரை இரண்டு தடவை கயிற்றுக்கு வெளியே எறிந்தார். அவள் சட்டையை முறுக்கிக்கொண்டு, "போடு அவனை, இன்னிக்குக் கடைக்கு லீவு விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேடையின் மூலைக் கம்பத்தில் அவிழ்ந்துபோன திண்டைக் கட்ட நடுவர் குனிந்தார். அந்த நேரத்தில் மாவு. தபால்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு தடுமாறினார், விழுந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மணி அடித்தது. பேக்கரிக்காரர் பெல்ட்டைத் தூக்கிக் காட்டினார். சோப்பு விளம்பரம் வந்தது.

எழுந்து போய் டெக்கை நிறுத்தினேன். திரை நீலமானது.

அவள் நீலத்திலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்புறம் ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

"விளம்பரம்தான்."

"சரி" என்றாள். மடியில் கிடந்த என் சட்டையை உதறி, மறுபடியும் மடித்து வைத்தாள். திங்கட்கிழமை டாக்டரிடம் வேண்டாம் என்று அவளே போனில் சொன்னாள். டாக்டர் என்னிடம் பேச வேண்டும் என்றாராம். நான் அப்போது ஸ்டூடியோவில் இருந்தேன்.

கேசட்டில் அதற்குப் பிறகும் ஆறு நிமிஷம் உண்டு. விளம்பரம் முடிந்ததும் உள்ளேயிருந்து இரண்டாவது நடுவர் ஓடி வருவார். தபால்காரரின் முகத்தை விரலால் தொட்டு, வெள்ளையாக ஒட்டியதை முதல் நடுவரிடம் காட்டுவார். தீர்ப்பு செல்லாது. சண்டை மறுபடியும் தொடங்கும். நாற்பது நொடியில் தபால்காரர் ஜெயிப்பார். முத்திரையை இரண்டு தடவை குத்துவார். அந்தக் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். மணி அடித்துவிட்டதே என்று யாரும் எழுந்து போகக் கூடாது.

டாக்டர் மீதி ஏழு பேரைப் பற்றியும் சொல்லியிருந்தார். மூன்று வாரத்தில் மாடிப்படி ஏறுவார்கள், வேலைக்குப் போவார்கள் என்றார். அதை நான் மேலே விட்டுவிட்டேன். வேண்டுமென்று விடவில்லை.

அந்தப் படிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் 'கணவர் கையொப்பம்' என்று ஒரு கோடு இருந்தது. சனிக்கிழமை அவள் குளிக்கப் போனபோது பேனாவை எடுத்து அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். அவள் அந்த மூன்று பேரில் ஒருத்தியாகிவிட்டால், அந்தக் காகிதம் ஒரு ஃபைலில் இருந்துகொண்டே இருக்கும், என் கையெழுத்தோடு. கையெழுத்துப் போடாமல் அப்படியே விட்டுவிட்டால் எந்த ஃபைலும் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். இது கோழைத்தனம் என்று சிலருக்குத் தோன்றலாம். நான் கவனமான ஆள், அவ்வளவுதான்.

பிறகு நாலு மாதம் நன்றாகவே இருந்தோம். அவள் என்னை 'நடுவரே' என்று கூப்பிட ஆரம்பித்தாள். "நடுவரே, பால் பொங்குது, அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க." "நடுவரே, மாத்திரை முடிஞ்சுது, உங்களுக்குத் தெரியாது பாவம்." புதுக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். சிரித்தும் வைத்தேன். ஒரு புதன்கிழமை காலை, தலை சீவிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவசரப்பட ஒன்றும் இருக்கவில்லை.

விதி என்றார்கள். துணிச்சலான பெண், அவளே எடுத்த முடிவு என்றார்கள். நான் மறுக்கவில்லை.

போன வாரம் அவளுடைய அண்ணன் கேசட்டுகளை எடுத்துப் போக வந்தார். தரையில் உட்கார்ந்து எண் வாரியாக அட்டைப்பெட்டியில் அடுக்கினார். பதினேழு வந்ததும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா இதைப் பார்த்தாளா மாப்பிள்ள?"

"பார்த்தா, மச்சான்."

"இதுன்னா உயிரு அவளுக்கு. பரீட்சை எழுதிட்டு வந்தவளை வாசல் கேட்டுலயே நிறுத்தி, முதல்ல தோத்தான், அப்புறம் ஜெயிச்சான்னு சொன்னேன். பையைக்கூடக் கழட்டலையே. உட்கார்ந்து மூணு தடவை பார்த்தா. அந்த லீவு பூரா இதேதான். விளம்பரத்தைக்கூடத் தள்ளி ஓட்ட விடமாட்டா. சோப்புப் பாட்டை அவளே பாடுவா."

"அப்படியா" என்றேன்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேசட்டைப் பெட்டியில் வைத்தார். தெருமுனை வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன்.

திரும்பி வந்ததிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தபால்காரர் ஜெயிப்பார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் கேசட்டைக் கேட்டிருக்கிறாள். நான் எழுந்து போனதையும், கை நீட்டியதையும், இல்லை என்று சொன்னதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். 'இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு, ஓட்டு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓட்டியிருப்பேன். அவள் சொல்லவில்லை.

எல்லோரும் சொன்னது சரிதான். முடிவை அவளேதான் எடுத்திருக்கிறாள். இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறேன்.