கோயில் வாசலில் சொன்னது

– தறிய நிறுத்து, கமலா. அந்தச் சத்தத்துல என்னால பேச முடியாது.

– நிறுத்திட்டேன், தில்லையம்மாக்கா. உக்காருங்க. ஞாயித்துக்கெழமன்னு ஜெபத்துக்கு வந்தீங்களா? இனிமே இந்த வீட்டுல ஜெபம் கெடையாது.

– ஜெபத்துக்கு வரல. வெள்ளிக்கெழம நீ கோயில் வாசல்ல சொன்னத உன் வாயால கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.

– தெருவே நின்னு கேட்டுச்சேக்கா. யாரோ செல்லுல புடிச்சி வாட்ஸப்புலகூட போட்டிருக்காங்க.

– பாத்தேன். பாதியில நிறுத்திட்டேன்.

– "இனிமே எனக்கு ஏசு இல்ல"ன்னு சொன்னேன். பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலன்னு மொதலாளி சிட்டிபாபு இன்னொரு தடவ சொல்லச் சொன்னாரு. சொன்னேன். அவரே நெத்தியில துன்னூறு பூசினாரு. தொன்னையில பொங்கல் குடுத்தாங்க.

– துன்னியா?

– துன்னேன். எல்லாரும் பாக்கத் துன்னேன்.

– எப்பிடி மனசு வந்துச்சி உனக்கு? பதினோரு வருசமா எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ நீ. என்ன மொதமொதல்ல முழங்கால் போட்டு ஜெபிக்க வெச்சதே நீதான். இதுக்காவ உங்க வீட்டுக்காரரு உன்ன வுட்டுட்டுப் போனாரு. அப்பகூட நீ வுடல. இப்ப வுட்டுட்ட.

– பாருங்கக்கா, பன்னெண்டு நாளு நம்மளத் தள்ளி வெச்சாங்க. திருவிழாவுக்கு நம்ம ஜெபக்கார அஞ்சு வீடும் போவலன்னு ஆரம்பிச்சது. சிட்டிபாபு தறிக்குப் பட்டு குடுக்கறத நிறுத்திட்டாரு. கைல இருந்த பாவு நூலத் தெருவுல நீட்டிக் கட்டலாம்னா, அந்தண்ட முனையப் புடிக்க ஒரு கை வரல. அஞ்சு தறியும் சும்மா கெடந்துச்சி. நம்மகூட ஜெபம் பண்ற ஏலவார்குழலி எட்டு மாசத்து வயித்தோட தண்ணிக் கொழாய்க்குப் போனா, எல்லாரும் அவங்கவங்க கொடத்த எடுத்துக்கினு தள்ளி நின்னாங்களாம். எங்கிட்ட வந்து அழுவக்கூட இல்ல. காலிக் கொடத்த வெச்சிட்டு அப்பிடியே உக்காந்துக்கினு இருந்தா. அன்னிக்கே சிட்டிபாபுகிட்ட போனேன்.

– இன்னா சொன்னாரு?

– ஜெபத்த ஆரம்பிச்சவ நீ, நீ ஒருத்தி வாசல்ல வந்து சொன்னாப் போதும், மத்த நாலு வீட்டையும் ஒண்ணும் கேக்க மாட்டோம்னாரு.

– எப்போ சொன்னாரு அப்பிடி?

– வியாழக்கெழம.

– வியாழக்கெழமையா.

– ஆமாக்கா. ஏன்?

– ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

– இன்னா சொல்றது? வெள்ளிக்கெழம சாயங்காலமே அஞ்சு வீட்டுக்கும் பட்டு வந்துடுச்சி. குழலிய நெனச்சி மட்டும் போவலக்கா. உங்கள நெனச்சும்தான் போனேன். உங்களக் கூப்ட்டு நிறுத்தியிருந்தா செத்தாலும் சொல்லியிருக்க மாட்டீங்க. பிள்ளையார்பாளையத்த வுட்டே அனுப்பியிருப்பாங்க.

– என்னப் பத்திப் பேசாத. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அதுக்கப்புறம் முழங்கால் போட்டியா?

– போட்டேன். நேத்து காலையில.

– வார்த்த வந்துச்சா?

– வரல.

– ஒண்ணுகூடவா?

– ஒண்ணுகூட வரலக்கா.

– அப்போ போயிடுச்சி, கமலா. வாயால வுட்டா உள்ளயிருந்தும் போயிடும். அவ்ளோதான்.

– போவலக்கா.

– உனக்கெப்பிடித் தெரியும்? வெளிய ஒண்ணு சொல்லிட்டு உள்ள வேற ஒண்ணு வெச்சிக்கலாம்னு யாரு சொன்னா உனக்கு?

– யாரும் சொல்லல. வெக்கமா இருந்துச்சி. தலயத் தூக்க முடியல. ஆளே இல்லாத வீட்டுல வெக்கம் வருமாக்கா? எதுர்ல ஒருத்தர் இருந்தாத்தான வரும்.

– அது பயமா இருக்கும்.

– பயம் எனக்குத் தெரியாதா? அந்த வாசல்ல நிக்கும்போது இருந்துச்சே, அதான் பயம். இது வேற. நான் செஞ்சது சரின்னு சொல்லலக்கா. பொய்தான். நாலு வீட்டுக்காவன்னு சொல்லிக்கினு தப்பிச்சிக்கவும் மாட்டேன். பாதி எனக்காவயும் சொன்னேன். ஆனா அந்தப் பொய்யத் தூக்கிக்கினு போவறதுக்கு எனக்கு அவருகிட்டதான் எடம் இருக்குது. வேற எங்க போவேன்?

– மன்னிச்சிட்டாரா?

– இன்னும் கேக்கல. கேக்க நாளாவும். ஆனா அங்கதான் இருக்காரு. ஏன்க்கா அழுவறீங்க? திட்டத்தான வந்தீங்க? திட்டிட்டுப் போங்க.

– வெக்கம்னு சொன்னியே. அது இருந்தா அவரு இருக்காருன்னுதான அர்த்தம்? நெசமாச் சொல்லு, கமலா. எனக்கு சமாதானம் சொல்றதுக்காவ சொல்லாத.

– நெசமாத்தான்க்கா. ஆனா உங்களுக்கு எதுக்கு சமாதானம்? நீங்க இன்னா பண்ணீங்க?

– செவ்வாய்க்கெழமையே சிட்டிபாபு வீட்டுக்குப் போயி எனக்கு ஏசு இல்லன்னு சொல்லிட்டு வந்தேன்டி. நான் சொல்லிட்டா உன்ன வாசல்ல நிறுத்த மாட்டேன்னாரு.