இடது பட்டன்

— எழுபது மணி நேரம் இருபது நிமிஷம் ஆச்சு, அண்ணா. எழுபத்திரண்டு ஆனா தகடு அடிக்கற உங்க பிரஸ் மிஷின்ல நான் வச்ச சீல் பிரிச்சாகணும். அதுக்குள்ள விபத்துக்குக் காரணம் எழுதிட்டா பிரிக்க வேண்டாம். எங்க ஆபீஸ் விதி அப்படி.

— அன்னைக்கே சொன்னேனே மேடம். ரெண்டு கையும் பட்டன்லதான் இருந்துச்சு. மிஷின் தானா அடிச்சிருச்சு.

— ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கினாத்தானே அது அடிக்கும்? ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா, அச்சுக்குள்ள போனது யாரோட கை?

— அதானே. கட்டினவ நானும் மூணு நாளா கேக்கறேம்மா. தானா அடிச்சிருச்சுன்னே திரும்பத் திரும்பச் சொல்றாரு.

— நீ சும்மா இரு.

— அக்கா பேசட்டும். நேத்து அந்த மிஷின்ல நானே உக்காந்தேன் அண்ணா. நானூறு தடவை அடிச்சுப் பாத்தேன். ஒரு தடவைகூட தானா அடிக்கல. இன்னொரு கணக்கு பாருங்க. நிமிஷத்துக்கு ஒன்பது தகடுக்கு மேல எனக்கு வரல. உங்க மீட்டர்ல பதினாலு இருக்கு.

— உங்களுக்குப் பழக்கம் இல்ல மேடம்.

— அவருக்கு எதுலயும் அவசரம்மா. கல்யாணப் பந்தியில நான் இலையில கை வைக்கறதுக்குள்ள எந்திரிச்சுப் போனவரு.

— பழகின ஆளையும் உக்கார வச்சேன் அக்கா. பத்து. தகடு வச்சிட்டு ரெண்டு கையும் பட்டனுக்கு வந்தாகணும், அதுக்கு நேரம் பிடிக்குமில்ல? பதினாலு வரணும்னா ஒரு கை பட்டனுக்கு வரவே கூடாது. இந்தப் படத்தைப் பாருங்க அண்ணா. இடது பட்டன் ஓரத்துல என்ன அது?

— அழுக்கு.

— மரத்தூள். லென்ஸ் வச்சுப் பாத்தேன். இரும்புப் பட்டறையில, பட்டன் இடுக்குல, மரம்.

— பட்டனுக்கு எதுக்கும்மா மரம்?

— அமுக்கினபடியே பிடிச்சு வைக்கத்தான் அக்கா. அப்புறம் வலது கையால தட்டினாப் போதும். இடது கை உள்ளேயே வேலை பாக்கும். போன விரல் ரெண்டும் இடது கைதானே?

— மேடம், என் இழப்பீட்டு மனு உங்க ஆபீஸ் மேல் மாடியில இருக்கு. நான் வாயைத் திறந்து அது கெட்டுப் போச்சுன்னா?

— இதுக்கா மூணு நாள்? மேல் மாடியில யார் தப்புன்னு கேக்கவே மாட்டாங்க அண்ணா. வேலையில அடிபட்டதா, அதோட சரி. உங்க மனு இன்னைக்குக் காலையிலயே பாஸ் ஆயிருச்சு. காரணம் கேக்கறது கீழ் மாடி, நான். அடுத்த கை போகக் கூடாதேன்னு.

— பாஸ் ஆயிருச்சாம், கேட்டீங்களா. இப்பவாவது பேசுங்க. நான் கிளம்பறேன், ரெண்டு மணிக்குப் பட்டறையில எனக்கு ஷிஃப்ட்.

— உன் பேக்கிங் வேலை எங்கேயும் ஓடிராது. உக்காரு.

— பேக்கிங் இல்லைங்க. சீல் பிரிச்சதும் உங்க மிஷின்ல நான்தான். வீட்டுல சொன்னா குதிப்பீங்கன்னு சொல்லல.

— எவன் சொன்னான் உன்னை அதுல உக்காரச் சொல்லி?

— மேஸ்திரிதான். பயப்படாதீங்க, உக்காந்ததும் எல்லாம் சொல்லித் தர்றேன்னாரு. இதை வச்சுக்கிட்டா உங்க வேகம் எனக்கும் வருமாம். இருங்க, சாப்பாட்டுப் பைக்குள்ளதான் போட்டேன். இந்தாங்க.

— அக்கா. அதை மேசையில வைங்க. மெதுவா.

— கதவுக்கு வைக்கற ஆப்பு மாதிரி இருக்கு. ஆனா யாரோ பாத்துப் பாத்து இழைச்சிருக்காங்கம்மா. மழமழன்னு இருக்கு பாரேன்.

— அடியில எட்டுன்னு வெட்டியிருக்கு. உங்க மிஷின் நம்பர் அண்ணா. எட்டு இருக்குன்னா, ஒண்ணுலேருந்து ஏழு வரைக்கும் எங்க?

— என்னங்க, ஏன் எந்திரிச்சுட்டீங்க?

— மேடம், உங்க வண்டி வாசல்ல நிக்குதா?

— நிக்குது. ஏன்?

— அப்ப எந்திரிங்க. அதைச் செதுக்கினது நான்தான். மிஷினுக்கு ஒண்ணுன்னு பன்னெண்டு செஞ்சு கொடுத்தேன். மிச்சப் பதினொரு மிஷினும் அதை வச்சுத்தான் இப்ப ஓடிக்கிட்டு இருக்கு.