மூணாம் பாத்தியின் நடு இலைகள்

றிப்தா: ரெங்கம்மா, நர்சரில இந்த மூணாம் பாத்தி யாரோடது?

ரெங்கம்மா: என் நாத்தனார் ஜெயந்தினியோடது மிஸ். இப்பதான் தேத்தண்ணி குடிக்கப் போனா. ஏன்...

றிப்தா: மிளகு நாத்தப் பாருங்க. இலை ஓரம் சுருண்டு தடிச்சிருக்கு. பிரிச்சா உள்ள கறுப்பா பூச்சி ஊருது.

ரெங்கம்மா: பூச்சி காத்துல வரும். மருந்தடிச்சா...

றிப்தா: காத்துல வந்தா உங்க பாத்திக்கும் வரணுமே. பக்கத்துலதான் இருக்கு.

ரெங்கம்மா: எனக்குக் கைராசி மிஸ்.

றிப்தா: சிரிக்காதீங்க. தண்ணியில்லாம வாடின செடிக்குப் பூச்சிய எதிர்க்கத் தெம்பிருக்காது. அதான் இங்க வந்து வீடு கட்டியிருக்கு.

ரெங்கம்மா: தெனம் ஊத்துனாளே...

றிப்தா: அடி இலை நல்லாருக்கு. இப்ப வர்ற துளிரும் நல்லாருக்கு. நடுவுல ரெண்டு இலைதான் இப்படி. போன மாசம் துளிரா இருந்த இலை. அப்ப ரெண்டு வாரம் தண்ணி போகல.

ரெங்கம்மா: இனி ஒழுங்கா ஊத்திருவா மிஸ்.

றிப்தா: தோட்டத்துத் தொரைக்கு இன்னைக்கே எழுதிக் கொடுக்கணும். காரணம் கேப்பாரு.

ரெங்கம்மா: எழுதாதீங்க மிஸ். அவ பேர வெட்டிருவாங்க.

றிப்தா: அப்ப... அவ வேலைக்கு வரல.

ரெங்கம்மா: புள்ளைக்குக் காச்சல். பதுளை ஆஸ்பத்திரில வச்சிருந்தாங்க. லீவு இல்லைன்னுட்டாங்க. காலைல பெரட்டுல ஆள் கணக்கெடுக்க அவ பேரக் கூப்பிடுறப்ப, கீழ ஊத்துப் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போயிருக்கான்னு நான்தான் சொன்னேன். ரெண்டு வாரமும். கங்காணி தலையக்கூடத் தூக்கல.

றிப்தா: நீங்களாவது ஊத்தியிருக்கலாமே?

ரெங்கம்மா: கீழருந்து தூக்கணும் மிஸ். ரெண்டு பாத்திக்கு இடுப்பு தாங்கல. இலை நனையத் தெளிச்சு விட்டேன், பாக்குறவங்களுக்கு ஈரமாத் தெரியட்டும்னு. வெக்கமாத்தான் இருக்கு.

றிப்தா: வேற யாருக்குத் தெரியும்?

ரெங்கம்மா: யாருக்கும்... இருங்க மிஸ். நர்சரிக்கு நீங்கதானே பொறுப்பு. வாராவாரம் வந்து பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போடணும்? அந்த ரெண்டு வாரமும் 'நல்லா இருக்கு'ன்னு போட்டிருக்கீங்க. ஆனா நான் உங்கள ஒரு நாள்கூடப் பாக்கலையே...

றிப்தா: நீங்க இல்லாத நேரமா...

ரெங்கம்மா: சொல்லுங்க மிஸ்.

றிப்தா: அந்த ரெண்டு வாரமும் நானும் அதே ஆஸ்பத்திரிலதான் இருந்தேன், எங்க வாப்பாவோட. கையெழுத்த அங்கருந்தே போட்டேன். ஜெயந்தினி என்னத் தெனம் அங்க பாத்தாளே... நான் இங்க வராதத யார்கிட்டயாவது சொல்லிட்டாளோன்னு தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு நேரமும் உங்களக் கேட்டேன்.