மூன்றாம் பாட்டில் ஊமையாகும் குழல்

எங்கள் பேண்ட் வாத்தியக் குழுவில் ஒரு யூபோனியம் இருந்தது. முதல் பாட்டை நன்றாகப் பாடும். இரண்டாவதையும் பாடும். மூன்றாம் பாட்டில் ஊமையாகிவிடும். ஏன் என்று எனக்கு நீண்ட காலம் விளங்கவில்லை. கோயிலுக்குள் பூசையில் எத்தனை பாட்டென்றாலும் அது சளைக்காது. தலவில தேவாலயத் திருவிழாவில் புனிதரின் சுரூபத்துக்கு முன்னால் வெயிலில் நடக்கும்போதுதான் இப்படிச் செய்யும்.

நீங்கள் படகைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சேர். அதற்குத்தான் வருகிறேன். ஆனால் குழலை விளக்காமல் படகை விளக்க என்னால் முடியாது.

யூபோனியம் என்பது நெஞ்சோடு அணைத்து ஊதும் பெரிய பித்தளைக் குழல். குழல் தானாகச் சத்தம் போடுவதில்லை. ஊதுகிறவனின் உதடு துடிக்கிறது. அந்தத் துடிப்பில் குழாய்க்குள் இருக்கிற காற்று முழுவதும் ஒரே உடம்பாக அதிர்கிறது. எங்காவது ஊசி போகும் அளவுக்கு ஒரு துவாரம் இருந்தால் போதும், அந்த உடம்பு முறிந்துவிடும். அப்புறம் கன்னம் வெடிக்க ஊதினாலும் வெறும் காற்றுத்தான் வரும். ஆகவே எங்கோ ஒழுகுகிறது என்பது எனக்குத் தெரியும். சவர்க்கார நுரை பூசி ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். என் பட்டறை நிழலில் ஒரு குமிழிகூட எழவில்லை.

அதை ஊதியவன் என் தம்பி ஸ்ரனிஸ்.

"நீ ஊதுறதிலதான் பிழை" என்பேன்.

"என்ர வாயில பிழை இல்லை அண்ணே. சாமானுக்கு வயசு போட்டுது, உங்களை மாதிரி" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

குழுவை நடத்தியதும் கருவிகளைத் திருத்தியதும் நான்தான். கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை திருவிழாவுக்கும் செத்த வீட்டுக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். யுத்தம் நடந்த காலத்தில்கூட ஆட்கள் குறையவில்லை, போவதற்கு இடம் இல்லாததால். யுத்தம் முடிந்ததும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவன் கட்டாருக்கு, ஒருவன் இத்தாலிக்கு. பிறகு கரை முழுக்க அவுஸ்திரேலியாக் கதை. கடைசியில் ஸ்ரனிஸும், கோர்னெட் என்ற சின்னக் குழல் ஊதும் இரண்டாமவனும் களவாகப் படகில் அங்கே போகப் போவதாகச் சொன்னார்கள்.

யூபோனியம் போனால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். மேலே கோர்னெட் பாடும், கீழே மேளம் இடிக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது நடுவில் இருக்கும் யூபோனியம். அது இல்லாவிட்டால் சத்தம் இருக்கும், பாட்டு இருக்காது. எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அந்தப் பாட்டுத்தான் இருந்தது.

நான் கெஞ்சினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் தம்பியின் காலை நான் பிடித்தேன். அவன் மனைவி எமில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்ரனிஸ் என்னைத் தூக்கி நிறுத்தி, "விடுங்கோ அண்ணே. ஆள் வேணுமெண்டா கோயில்ல நிக்கிற அந்தோனியாரை இறக்கி ஊத விடுங்கோ. அவர் சும்மாதானே நிக்கிறார்" என்றான். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் அவனே ஒரு செப்புக் குழாயை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

"எஞ்சின்ர தண்ணிக் குழாய் அண்ணே. ஓட்டை. உங்கட கை பட்டாத்தான் சரிவரும்."

"மீன்பிடிக்கப் போற படகோ?"

"ஓம். பெரிய மீன். கங்காரு மாதிரித் துள்ளும்."

படகில் இருந்தது பழைய லொறி எஞ்சின். உள்ளே சுற்றிவரும் தண்ணீர்தான் அதைக் குளிரவைக்கிறது. முழு வேகத்தில் ஓடினால் அந்தத் தண்ணீர் கொதிநிலைக்குக் கிட்ட வரும். மெல்ல ஓடினால் வெதுவெதுப்பாக இருக்கும்.

இனி என் தொழிலில் இருக்கிற ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். பித்தளைக் குழாயை வளைக்கும்போது அது நசுங்கிவிடும். நசுங்காமல் இருக்க ஒருவகை ஈயக் கலவையை உருக்கி உள்ளே ஊற்றி, இறுகவிட்டு, பிறகு வளைப்போம். வளைத்ததும் குழாயைக் கொதிநீரில் போட்டால் கலவை இளகி ஓடிவிடும். மிக அழகான முறை. பார்வைக்கு அது ஓட்டை அடைக்கிற சாதாரண ஈயப் பற்றைப் போலவே பளபளக்கும்.

ஸ்ரனிஸின் குழாயை அந்தக் கலவையால் ஒட்டினேன்.

எனக்கு யாரையும் கொல்லும் எண்ணம் இருக்கவில்லை. கண்டக்குழிக் கரையை விட்டு முழு வேகத்தில் போவார்கள். ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே ஒட்டு இளகும், தண்ணீர் ஒழுகும், எஞ்சின் இறுகி நின்றுவிடும். விடிந்ததும் மீன்பிடிப் படகுகள் கயிறு கட்டி இழுத்துவரும். ஸ்ரனிஸ் வெட்கத்தோடு வந்து யூபோனியத்தைக் கையில் எடுப்பான். அப்படித்தான் நினைத்தேன்.

அவர்கள் புறப்பட்டபோது நான் கரையில் நின்றேன். என் காது பழகிய காது. எஞ்சின் தாழ்ந்த சுரத்தில் போனது. மேலே ஏறும் என்று காத்திருந்தேன். ஏறவில்லை. கடற்படைக்குக் கேட்காதபடி மெல்ல ஓட்டுகிறார்கள் என்று அப்போது விளங்கியது. மெல்ல ஓடினால் சூடாகாது. சூடாகாவிட்டால் ஒட்டு விடாது. கரை மறைந்து, பயம் தெளிந்து, நடுக்கடலில் வேகத்தைக் கூட்டும்போதுதான் விடும்.

அந்த நேரத்தில் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். காற்று கடல் பக்கமாகத்தான் வீசியது.

மறுநாளிலிருந்து எமில்டா வீட்டுக்கு வந்தாள். எனக்குப் பாணும் மீன் குழம்பும் கொண்டுவருவாள், நான் தனியாக இருக்கிறேன் என்று.

"அத்தான், இன்னும் கோல் ஒண்டும் வரயில்ல. நேவிக்குச் சொல்லுவமா?"

"சொன்னா எல்லாரையும் பிடிச்சு உள்ளுக்குப் போடுவாங்கள். பொறு பிள்ளை. நடுக்கடல்ல சிக்னல் எங்க இருக்கு?"

"நீங்க சொன்னாச் சரி" என்றாள். பொறுத்தாள். பிறகும் கேட்டாள். பிறகும் அதையே சொன்னேன். எஞ்சின் இல்லாத படகு நீரோட்டத்தோடு போகும், குடிதண்ணீர் எண்ணி எடுத்துத்தான் போயிருப்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். தேடியிருந்தால் கிடைத்திருப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், சேர். ஏன் தேட வேண்டும் என்று நான் சொன்னால் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தெரிந்தால் ஸ்ரனிஸ் உயிரோடு வந்தாலும் என் குழுவில் வாசிக்க மாட்டான்.

கப்பல்காரர்கள் அந்தப் படகைக் கண்டெடுத்தபோது ஒருவருக்கும் உயிர் இருக்கவில்லை என்று நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்ததையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அதை ஸ்ரனிஸ் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இனி யூபோனியம். ஸ்ரனிஸ் அதை என் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான். அவன் திரும்பும்போது சுத்தமாக இருக்கட்டும் என்று, காத்திருந்த அந்த நாட்களில், சுடுதண்ணீரில் அமிழ்த்தினேன். தண்ணீரின் மேல் ஏதோ பாலாடை போல மிதந்து வந்தது. எடுத்து முகர்ந்தேன். கோயில் மெழுகுதிரி. அடி வளைவில், கண் படாத இடத்தில், நீளமாக ஒரு வெடிப்பு. எப்போதோ அவன் குழலைக் கீழே போட்டிருக்கிறான். எனக்குப் பயந்து, மெழுகை அடைத்து, மேலே பொலிஷ் பூசிக் கறுப்பாக்கி மறைத்திருக்கிறான். நிழலில் மெழுகு தாங்கும். திருவிழா வெயிலில் பித்தளை சூடேற, மூன்றாம் பாட்டுக்கு வரும்போது மெழுகு இளகி வழிவிடும். இவ்வளவுதான் விஷயம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. சூடு வரும்வரை மட்டும் தாங்குகிற ஒட்டை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல முன்னால் நின்று சிரிப்பது நல்ல மனிதன் செய்கிற வேலை இல்லை.

மெழுகைச் சுரண்டி எடுத்தேன். வெடிப்பின் இரண்டு ஓரத்தையும் அரத்தால் தேய்த்து, பழுக்கக் காய்ச்சி, வெள்ளிப் பற்று வைத்தேன். வெள்ளிப் பற்று வெயிலுக்கும் விடாது, எஞ்சின் சூட்டுக்கும் விடாது. அந்த வெள்ளிப் பற்றுக் கம்பி, ஸ்ரனிஸ் எஞ்சின் குழாயோடு வந்து நின்ற அன்றும் என் பெட்டியில்தான் இருந்தது.