மஞ்சள் பூப் போட்ட கப்பு

– நீ குடுத்த டீ செட்டுதான்க்கா. வேற ஒண்ணுமே இல்ல.

– இன்னாடா டெனிஸு பேசற? தாம்பரத்துலேர்ந்து பம்மலுக்கு வண்டி ஓட்டிகினு வந்து, வந்ததும் வராததுமா அக்கா மேல பழியா? ஓவியா பொறந்தநாளுக்கு ஆசையா குடுத்தது அது.

– பழி போடலக்கா. குழந்தைக்கு ரெண்டு மாசமா வயித்து வலி. மூஞ்சி வெளுத்துப் போச்சு. போன வாரம் ஸ்கூல்ல அவ பேரையே எழுதத் தெரியாம முழிச்சிருக்கா. டாக்டர் பிளட் டெஸ்ட் எடுத்தாரு. ரத்தத்துல ஈயம்.

– ஈயமா? ஈயச் சொம்புல ரசம் வெச்சுக் குடிக்கறவங்க எத்தினி பேர் கீறாங்க!

– அது வேற. இது காரீயம். கப்புக்கு உள்ள மஞ்சப் பூ போட்டிருக்குல்ல, அந்தப் பெயிண்ட்ல இருக்காம். லேப்ல சொல்லிட்டாங்க. இவ தினம் அதுல லெமன் ஜூஸ் ஊத்திக் குடிச்சு விளையாடியிருக்கா. புளிப்பு பட்டா கரையுமாம்.

– ஏசுவே! புள்ள இப்போ எப்டி கீது?

– மருந்து ஆரம்பிச்சாச்சு. மறந்து போனது எவ்ளோ திரும்பும்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு.

– நம்பவே முடிலடா. அம்மாவோட பாட்டி பல்லாவரத்துல ஆயா வேலை பாத்தப்போ வெள்ளக்காரம்மா குடுத்துட்டுப் போனது. மூத்த பொண்ணு கைக்கே வந்துகினு இருந்துச்சு. எனக்குப் புள்ள இல்ல. அதான் உன் பொண்ணுக்குன்னு...

– அப்போ அம்மா ஏன் அதை மூட்டை கட்டிப் பரண்ல போட்டாங்க? நான் பாத்ததே இல்லையே.

– நீ கைக்கொழந்த அப்போ. ரவிய அடக்கம் பண்ண மறுநாள் ஏத்துனது. அம்மா போனப்புறம் வூட்ட ஒழிக்கும்போதுதான் எனக்கே கெடச்சுது.

– ரவி அண்ணனுக்கு என்ன ஆச்சு?

– காய்ச்சல்னாங்க. கடைசில வலிப்பு வந்துச்சு.

– அதுக்கு முன்னாடி?

– வயித்தப் புடிச்சுகினு சுருண்டுப்பான்.

– வெளுத்துப் போனானா?

– சுண்ணாம்பு கணக்கா.

– அக்கா, என்னைப் பாரு. அவன் அந்தக் கப்புல குடிச்சானா?

– டம்ளர்ல குடுத்தா துப்பிடுவான்டா. அதுல ஊத்தி, தொர வூட்டு ஜூஸுன்னு சொன்னாதான் வாயத் தொறப்பான்.

– ஊத்திக் குடுத்தது அம்மாவா?

– அம்மா விடியறதுக்குள்ள தோல் கம்பெனிக்குப் பூடும். நான்தான். ஒம்போது வயசு எனக்கு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, சக்கர போட்டு... ஒடம்பு மோசமாக மோசமாக இன்னும் நெறைய குடுத்தேன். தெம்பு வரும்னு.

– சரி, அழாதக்கா. சின்னப் பொண்ணு, உனக்கு என்ன தெரியும்? அம்மாவுக்கே தெரியாது.

– தெரிஞ்சுதான்டா கீது. அன்னிலேர்ந்து சாவுற வரைக்கும், அம்மா என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல.