பார்க்க மட்டும்

இந்த மேசையைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்கள் என்றால் எனக்குச் சந்தோஷம். பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. மேற்பலகையைத் தடவுவார்கள், ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார்கள், "பழைய மரத்தோட வாசனையே தனி" என்பார்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வாசனை நாங்கள் தேய்த்த தேன்மெழுகின் வாசனை. சாமானைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் அடியில்தான் இருக்கும். எங்கே விரிசல், எங்கே ஒட்டு, எந்தக் கால் வேறு மேசையிலிருந்து வந்தது, எல்லாம். அதனால்தான் இந்தத் தாள்களையும் அடியில் ஒட்டியிருக்கிறேன்.

ஆய்வாளர் ஐயா, என் தங்கை விழுந்த அன்று எங்கள் பட்டறைக்கு வந்தீர்கள். கால் மணி நேரம் இருந்தீர்கள். போகும்போது சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய கதவைத் தொட்டுப் பார்த்து, "இதுல மேசை பண்ணினா சொல்லுங்கம்மா, என் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் உயிர்" என்றீர்கள். தரை கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. ஆனாலும் நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அது நல்ல கதவு. என் மகளின் அறைக் கதவு.

அன்று நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "ஏணி யாருதும்மா?" "எங்களுதுதான் ஐயா" என்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் பதில் அவ்வளவுதான் என்றும் சொல்ல முடியாது.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, சன்னல், அலமாரி வாங்கி வந்து வேறொன்றாக்குவோம். சன்னல் கதவு கண்ணாடிச் சட்டமாகும். மேசை இழுப்பறை சுவரில் தொங்கும் தட்டாகும். தையல் மெஷினின் இரும்புக் கால் எதற்கும் பொருந்தும். புது மரம் கொண்டுவந்தாலும் கவலையில்லை. சங்கிலியால் நாலு அடி அடித்து, துருப்பிடித்த ஆணி ஊறிய வினிகரைப் பூசினால் ஒரே மாலையில் எண்பது வயதாகிவிடும். துக்கம்கூட அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. என் தலை நரைக்க மூன்று வாரம் பிடித்தது.

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. நான் போட்ட சட்டம். பழைய சாமான்களில் சிலது பாரம் தாங்கும், சிலது தாங்காது. உள்ளே உளுத்துப் போயிருந்தாலும் வெளியே அழகாக இருக்கும் சாமானை நாங்கள் தூக்கி எறிய மாட்டோம். உளுத்த துளைகளில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மெழுகு தேய்த்து, அலங்காரத்துக்கு விற்போம். ஆனால் அதன் அடியில் பேப்பர் டேப் ஒட்டி "பார்க்க மட்டும்" என்று எழுதிவிடுவோம். டேப் இல்லாத நாற்காலி என்றால் உட்காரலாம். டேப் இல்லாத ஏணி என்றால் ஏறலாம். என் தங்கை இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாள் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். "எதுல காலை வைக்கிறதுக்கு முன்னாடியும் கவிழ்த்துப் பாருடி." "சரிங்க பெரிய இன்ஜினியரம்மா" என்று கும்பிட்டாள். கேலிக்காரி. ஆனால் ஒரு நாளும் மறந்ததில்லை.

என் மகள் ஒன்பது வயதில் காய்ச்சலில் போனாள். ஐந்து நாள் காய்ச்சல். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவள் அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் தேடிப் போயிருந்தார். வீட்டை விற்றுவிட்டுப் பட்டறையின் மாடிக்கே குடிவந்தேன். துணைக்குத் தங்கை தன் பெண்ணோடு வந்து சேர்ந்தாள். அவள் கணவர் லாரி ஓட்டுபவர், மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பார். அவளுக்கும் அது வசதிதான். அவள் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. வாலு என்று கூப்பிடுவோம்.

விற்ற வீட்டிலிருந்து நான் எடுத்து வந்தது மகளின் அறைக் கதவும் அதன் நிலையும்தான். நிலையின் இடது காலில் பென்சில் கோடுகள் இருந்தன. இரண்டு வயதிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளும் அவளை அதில் ஒட்டி நிற்க வைத்து, தலைக்கு மேல் கோடு போடுவேன். எட்டுக் கோடுகள். கடைசிக் கோடு போட்டபோது குதிகாலைத் தூக்கி ஏமாற்றப் பார்த்தாள். அந்தப் பொய்க் கோடும் அரை அங்குலம் மேலே இருந்தது. நான் அழிக்கவில்லை.

தங்கையிடம் சொல்லிவைத்தேன். "கதவை என்ன வேணா பண்ணு. நிலையோட இடது காலைத் தொடாத."

"தொட மாட்டேன்கா" என்றாள்.

காலையில் அதன் பக்கத்தில் நின்று காபி குடிப்பேன். நாலு வார்த்தை பேசுவேன். இதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. பிறகு ஒரு நாள், வாலுவுக்கு எட்டு வயது ஆன சமயம், அவளை அதில் நிற்க வைத்துப் பார்த்தேன். அளவு பார்க்கத்தான். என் மகளின் நீலச் சட்டை அவளுக்குக் கச்சிதமாக இருந்தது, அதைப் போட்டுவிட்டிருந்தேன். வீணாகக் கிடப்பதை எடுத்து உபயோகப்படுத்துவதுதானே எங்கள் தொழில். கடைசிக் கோட்டுக்கு நாலு விரல்கடை கீழே நின்றாள். நிமிர்ந்து நில் என்று சொல்லும்போது என் மகளின் பெயரைச் சொல்லிவிட்டேனாம். எனக்கு நினைவில்லை. நாக்குக்குப் பழக்கம்.

தங்கை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். கத்தவில்லை. மெதுவாக வந்து சட்டையின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "அக்கா, இவ என் பொண்ணுக்கா" என்றாள்.

"தெரியாமலா இருக்கு" என்றேன்.

அடுத்த வாரம் நான் பழைய கிடங்கு ஒன்றை இடிக்கிற இடத்துக்கு மரம் பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் நிலையே இல்லை. அதே மரத்தில் செய்த, கோட்டு மாட்டும் பலகை ஒன்று கடை முகப்பில் தொங்கியது. வழவழவென்று தேய்த்திருந்தாள். ஒரு கோடு இல்லை.

"வெறும் பலகைக்கா" என்றாள். "அதுகிட்டயே நின்னு பேசிட்டிருந்தா நீ எப்பதான் சோறு திங்கிறது? எப்பதான் மனுஷியாகிறது? திட்டணும்னா திட்டிக்கோ."

நான் திட்டவில்லை. அந்தப் பலகை இரண்டு நாளில் விற்றுப்போயிற்று. வாங்கியவர்கள் அதில் குடை மாட்டியிருப்பார்கள்.

கிடங்கிலிருந்து அன்று நான் கொண்டுவந்த சாமான்களில் ஓர் ஏணியும் இருந்தது. பத்துப் படி. பார்ப்பதற்குக் கம்பீரம். மேலிருந்து மூன்றாவது படியை வண்டு குடைந்து சல்லடையாக்கியிருந்தது. நான்தான் உட்கார்ந்து அடைத்தேன், தேய்த்தேன், மெழுகு போட்டேன். என் வாழ்நாளில் செய்த மிக நல்ல வேலைகளில் அது ஒன்று. விரலால் தடவினாலும் தெரியாது. போர்வைகள் மாட்டும் அலங்கார ஏணியாகப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்தேன். டேப் மட்டும் ஒட்டவில்லை.

நீங்கள் தேடுவது குற்றம் என்றால் அது இதுதான். கோபத்தில் செய்தது. என் மகளின் எட்டு வருடத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தவள்மேல் வந்த கோபம். எந்தத் தாயும் இதைப் புரிந்துகொள்வாள். தவிர, டேப் ஒட்டாமல் இருப்பது ஒரு காரியமே அல்ல. ஒரு காரியத்தைச் செய்யாமல் விடுவதுதான். உயரத்தில் இருக்கும் மேல் தட்டில்தான் பலகைகளை அடுக்குவோம் என்றாலும், அதற்கு ஏற எங்களிடம் இரும்பு ஏணி இருந்தது. அதனால் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஒன்றும் ஆகவில்லை. போர்வைகளோடு அது பாட்டுக்கு நின்றது.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது தங்கை சொன்னாள். "அக்கா, அவரு லாரி ஷெட்டுக்குப் பக்கத்துலயே வீடு பாத்திருக்காரு. அடுத்த மாசம் போயிடலாம்னு இருக்கோம். வாலுவுக்கும் அங்க நல்ல ஸ்கூல் இருக்கு. வாரா வாரம் வருவோம்கா."

"நல்லது" என்றேன். வாலுவின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன். அவளுக்கு ஒன்பது ஆகப்போகிறது. என் மகள் நின்ற இடம் அது.

அந்த வாரம் மேல் தட்டில் ஒரு பலகை தேவைப்பட்டு, முட்டி வலியோடு இரும்பு ஏணியில் நானே ஏறினேன். பலகைகளுக்குப் பின்னால், பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, நீளமாக ஒன்று இருந்தது. பிரித்தேன். இடது கால். எட்டுக் கோடுகளும், அந்தப் பொய்க் கோடும், ஒரு துளி அழியாமல் அப்படியே. விரிப்பின்மேல் பேப்பர் டேப்பில் அவள் கையெழுத்து. "அக்காவுக்கு. நாங்க போற அன்னைக்குக் குடுக்கணும்."

அவள் தேய்த்து விற்றது வலது கால். என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள். என் நன்மைக்குத்தான். அது எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. மேல் தட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அன்றோடு போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், அதன்பின் அவள்மேல் எனக்குக் கடுகளவு கோபமும் இல்லை. மறுபடியும் அப்படியே சுற்றி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு இறங்கினேன்.

மறுநாள் இரும்பு ஏணியைப் பக்கத்துத் தெரு பெயிண்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கேட்டாரா என்று விசாரித்தால் இல்லை என்பார். மழைக்கு முன்னால் அவருக்கு வேலை அதிகம் இருக்கும், கேட்கக் கூச்சப்படுவார் என்று நானே கொடுத்தேன். போர்வைகளில் தூசி படிந்திருந்தது. துவைத்துக் காயப்போட்டேன். ஏணி வெறுமனே நின்றது.

அவர்கள் கிளம்பும் நாள் காலை, வாலு பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் விடைபெறப் போயிருந்தாள். சாமான் எல்லாம் கட்டியாயிற்று. தங்கை கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

"அக்கா, உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன். மேல இருக்கு. இரும்பு ஏணி எங்க?"

"பெயிண்டர்கிட்ட."

"அவருகிட்ட போனா கிணத்துல போட்ட கல்லுதான்" என்று சிரித்தாள். மர ஏணியைப் பார்த்தாள். அதைத் தூக்கித் திருப்பி, படிகளின் அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் பழக்கியபடியே செய்தாள். ஒரு டேப்பும் இல்லை. இருந்தாலும் கேட்டாள். "இது தாங்குமாக்கா?"

"நான் செஞ்சதுடி" என்றேன்.

"அப்ப யானை ஏறலாம்" என்றாள். பாதி தூரம் ஏறித் திரும்பிப் பார்த்தாள். "கண்ணை மூடிக்கோ. நான் சொல்றப்பதான் திறக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டேன். அவள் சொன்னபடிதான் செய்தேன்.

ஏறும்போது தாங்கியது. பலகைகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. விரிப்பு உரசியது. அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டிருப்பவளுக்கு எந்தப் படியில் கால் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இறங்கும்போது கையில் பாரம் வேறு. "திறக்காத, இன்னும் திறக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு சொல்லவில்லை. கீழே பட்டறை மேசையின் இரும்பு விளிம்பு இருந்தது. அதை நீங்களே பார்த்தீர்கள்.

திற என்று அவள் சொல்லாததால் சிறிது நேரம் நான் திறக்கவில்லை.

நிலைக்காலில் ஒரு முனை மட்டும் சிதைந்திருந்தது. மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிட்டேன். தெரியாது.

அவள் கணவர் நல்ல மனிதர். லாரியை விட முடியாது, பெண்ணையும் தனியாக விட முடியாது. "நீங்க இல்லன்னா நாங்க தெருவுல நின்னிருப்போம்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாலு ஆரம்பத்தில் பேசவே இல்லை. இப்போது பேசுகிறாள். தனியாகப் படுக்கப் பயம், என்னோடுதான் படுக்கிறாள். அதனால் அறைக் கதவு எனக்கு இனி தேவைப்படவில்லை. கால் பூட்டி உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இது பாரம் தாங்கும் மேசை. நம்பி உபயோகிக்கலாம்.

நிலைக்காலை மாடியில் எங்கள் அறை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். நேற்று அவளுக்குப் பத்து வயது. நீலச் சட்டை சின்னதாகிவிட்டது, கையைப் பிரித்து இறக்கித் தைத்துக் கொடுத்தேன். ஒட்டி நின்றாள்.

"பெரியம்மா, சீக்கிரம். கழுத்து வலிக்குது."

"குதிகாலைத் தூக்காத" என்றேன். கோடு போட்டேன்.

திரும்பி நின்று, கீழே இருக்கும் கோடுகளை விரலால் எண்ணினாள். "இதெல்லாம் யாருது?"

"உன்னுதுதான்" என்றேன்.

அளவு டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். கடைசிக் கோட்டிலிருந்து ஒன்றரை அங்குலம். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைக்கு இது நல்ல வளர்த்திதான்.