பயணி பக்கம் மாற்றம் இல்லை

அன்று காலை கெல்வின் இரண்டு அவித்த முட்டை சாப்பிட்டார். மூன்றாவதை எனக்கு விட்டுவைத்து, அதன்மேல் பேனாவால் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்துவிட்டு எழுந்துபோனார். திருமணமான நாளிலிருந்து செய்துவந்த குறும்பு அது. நான் அதை உடைத்துச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

சார்ஜென்ட், நீங்கள் இரண்டு முறை வந்தும் வண்டியைப் பற்றி மட்டுமே கேட்டீர்கள். ஆகவே வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். வண்டியைச் சொன்னால் மற்றதும் தானாக வரும்.

எங்களைப் போன்ற உடம்புக்காரர்கள் கேரவன் வாங்கும்போது கட்டிலைப் பார்த்து மயங்கக்கூடாது. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். உட்கார வேண்டும். எழ வேண்டும். திரும்பி நின்று கையை வீச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பிரிஸ்பேன் கண்காட்சியில் பதினோரு வண்டிகளின் கழிப்பறையில் நான் உட்கார்ந்தேன். நான் உள்ளே போனதும் விற்பனைக்காரர்கள் வெளியே நின்று வானிலையைப் பற்றி உரக்கப் பேசத் தொடங்குவார்கள். எட்டு வண்டிகளில் கதவைச் சாத்த முடியவில்லை.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது எடை. வண்டிக் கம்பெனிகள் போடும் கணக்கில் ஆள் என்றால் எழுபது எண்பது கிலோ. கெல்வின் நூற்று நாற்பத்தெட்டு. நான் நூற்று அறுபத்து மூன்று. ஒரு தேநீர்க் கெண்டியைக்கூட ஏற்றுவதற்கு முன்பே, நாங்கள் ஏறி உட்கார்ந்தாலே, இரண்டு பேரை மறைத்துக் கூட்டிப்போவதைப் போலத்தான். இந்த எண்களைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. டால்பி மாட்டுச் சந்தையின் எடைமேடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். எண் என்பது எண். அது யாரையும் கேலி செய்வதில்லை. அதனால்தான் எண்களை நம்பினேன்.

கேலி செய்த இடங்கள் வேறு. யெப்பூன் கடற்கரை முகாமில் எங்கள் பழைய கேரவனின் மடக்குப் படி என் காலடியில் வளைந்தது. நான் மணலில் விழுந்தேன். நாற்காலி போட்டுப் பீர் குடித்துக்கொண்டிருந்த இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். கெல்வின் என்னைத் தூக்க வரவில்லை. என் பக்கத்தில் வந்து தானும் தொப்பென்று மணலில் உட்கார்ந்தார்.

"இங்கயே டீ குடிக்கலாமா கிழவி? காத்து நல்லா வருது."

அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்து டீ குடித்தோம். அது எங்கள் வழக்கம் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட ஒருவர் செய்ததால்தான் எனக்கு அது தாங்கவில்லை. வேறு ஒருவனாக இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

நாங்கள் ஒரு சிறிய லாரியை வாங்கி, அதன்மேல் வீடு கட்டச் சொல்லி ஆன்டேயின் பட்டறையில் விட்டோம். ஆன்டே குரோவேஷியாக்காரன், கைசுத்தமான வேலைக்காரன். அவனிடம் கெல்வின் சொன்ன ஒரே விதி: "எதுக்கும் ஒரு சாண் கூட விடு." கழிப்பறைக் கதவு எழுபத்தைந்து சென்டிமீட்டர் ஆயிற்று. பிளாஸ்டிக் கழிப்பறையை எடுத்துவிட்டுப் பீங்கான் வைத்தான். படி கால் டன் தாங்கும். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நடக்க இடம். கைப்பிடிகளை மரப்பலகையில் திருகாமல் இரும்புச் சட்டத்திலேயே வெல்டிங் செய்தான். நான் போய் ஒவ்வொன்றையும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அப்படி ஒரு வண்டி எங்களுக்கு இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பட்டறைச் சுவரில் வேலைத்தாள் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கெல்வினுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது அதைப் படித்தேன். ஓட்டுநர் பக்கம்: இருக்கை அகலம் அறுபத்திரண்டு, பெல்ட் நீட்டம் நாற்பத்தைந்து. அதற்குக் கீழே, கெல்வினின் சாய்ந்த கையெழுத்தில்: பயணி பக்கம் மாற்றம் இல்லை.

மூன்று முறை படித்தேன். கம்பெனி போட்டுக்கொடுக்கும் இருக்கையில் எனக்குப் பாதி உடம்பு வெளியே நிற்கும். பெல்ட் ஒரு முழம் குறையும். கெல்வினுக்கு அது நன்றாகத் தெரியும். எங்கள் காரில் பெல்ட்டின் நீட்டுத்துண்டை இருபது வருடமாக எடுத்துக்கொடுத்தவர் அவர்தான்.

"ஆன்டே, இது என்ன?"

"எது?"

"பயணி பக்கம்."

அவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுவரைப் பார்த்தான். "அது வந்து, கெல்வின்கிட்ட கேட்டுக்கங்க ரேலீன். என்னைக் கோத்துவிடாதீங்க."

அவன் காது சிவந்திருந்தது.

கெல்வினிடமும் கேட்டேன். மறைத்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. "என் பக்கத்து சீட்டு எப்ப மாத்துவாங்க?"

"ஆவும், ஆவும். ஓடியா போகப்போகுது?" என்று சிரித்தார். "நீதான் ஊர் மாட்டையெல்லாம் எட போட்டவ. கொஞ்சம் பொறுமையா இரு."

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். பேசி முடித்து வந்தபோது முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. நான் அதை அடையாளம் கண்டுகொண்டேன். என்னைப் பெண் கேட்டு வந்த வருடத்தில் அவருக்கு இருந்த முகம் அது.

பேசியது ஜானைன். கேரவன் கிளப்பில் பழக்கம். இப்ஸ்விச்சில் இருக்கிறாள், கணவனை இழந்தவள், மெத்தையும் சோபாவும் தைத்துக் கொடுக்கும் தொழில். ஒரு தடவை கிளப் ஆட்கள் சந்தையைப் பார்க்க வந்தபோது, கன்றுக்குட்டிகளை நிறுக்கும் மேடையில் விளையாட்டாக ஏறி நின்று, "என்னை எவ்வளவுக்கு ஏலம் விடுவீங்க ரேலீன்?" என்று கேட்டாள். ஐம்பத்தெட்டு கிலோ. கம்பெனி இருக்கை அவளுக்குத் தாராளமாகப் போதும்.

இரண்டு நாள் கழித்து, கெல்வின் குளித்துக்கொண்டிருந்தபோது சமையல் மேடையில் அவர் போன் அதிர்ந்தது. 'சனிக்கிழமை ரெடி. ரேலீன்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க.' அவள்தான்.

நான் அழவில்லை. கதவும் படியும் கட்டிலும் இவ்வளவு அகலமாக எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். அவையெல்லாம் அவருக்கும் வேண்டியவைதானே. எனக்கு மட்டும் என்று அந்த வண்டியில் இருந்திருக்க வேண்டியது ஒரே ஒரு இருக்கை. அதைத்தான் வேண்டாம் என்று எழுதியிருந்தார். என்னை விட்டுப் போகிறேன் என்று ஒருவர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் விழுந்தபோது பக்கத்தில் உட்கார்ந்த மனிதர், இனி உட்கார எனக்கு இடமில்லை என்று கைப்பட எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை எல்லாம் ஏற்றி முடித்து, அவர் வண்டியிலும் நான் காரிலுமாக எடை போடப் போனோம். சந்தை இல்லாத நாள். இப்போது அங்கே இருக்கும் பெண் நான் பழக்கிவிட்டவள். "நீங்களே பாத்துக்குங்கக்கா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கெல்வின் பின்சக்கரங்களை மேடையில் ஏற்றி நிறுத்தினார். நான் எண் தெரியும் கூண்டுக்குள் இருந்தேன்.

பின் அச்சு தாங்கக்கூடியதைவிட இருநூற்றுத் தொண்ணூறு கிலோ அதிகம்.

ஆன்டேயின் குற்றம் என்று சொல்லமாட்டேன். அகலமான குளியலறையும் பீங்கானும் பேட்டரிகளும் எல்லாம் பின்னால் போய்விட்டன. சாமான்களையும் பேட்டரிகளையும் முன்னால் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். அரை நாள் வேலை. இதைவிடக் குறைந்த எடைக்கெல்லாம் எத்தனையோ லாரிக்காரர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டும் விட்டதில்லை.

கெல்வின் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "என்ன ரே, டயட் இருக்கணுமா?"

"சரியா இருக்கு," என்றேன்.

"சரியான்னா?"

"சரியா இருக்கு கெல். எறக்கு."

அவர் எடைச்சீட்டைக் கேட்கவில்லை. என் எண்ணை அவர் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. அந்த எடைச்சீட்டு இந்தக் கடிதத்துடன் இருக்கிறது. தேதியும் நேரமும் அதில் அச்சாகியிருக்கின்றன.

சனிக்கிழமை காலை, முட்டை சாப்பிட்டுவிட்டு, "மலை எறங்கி ஒரு ஓட்டம் தனியா ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன். சாயங்காலம் உனக்கு ஒரு விஷயம் இருக்கு," என்றார்.

"என்ன விஷயம்?"

"சாயங்காலம்."

"நானும் வரட்டுமா?"

இதைக் கேட்டேன் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னிக்கு வேணாம் செல்லம்," என்றார்.

டூவூம்பா மலையிறக்கத்தில் பாதியில் பின்சக்கரம் வெடித்தது. முன்பக்கம் லேசாக இருந்ததால் ஸ்டீயரிங் பிடிக்கவில்லை என்று உங்கள் ஆள் ஒருவர் எனக்கு விளக்கினார். பொறுமையாக, படம் போட்டு விளக்கினார். நான் கேட்டுக்கொண்டேன். வேறு யாருக்கும் அடிபடவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. பகல் நேரத்தில் அந்த வளைவில் கூட்டம் இருக்காது என்பது தெரிந்ததுதான்.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எடை போட்டபோது அது காலி. பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. மறுநாள் அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது குழாயை வைத்து வழிய நிரப்பினேன். நூற்றறுபது லிட்டர். பயணம் போகும் வண்டியில் தண்ணீர் நிரப்புவது வீட்டில் என் வேலைதான்.

பின் பெட்டியில் மூன்று இரும்புத் துண்டுகளை எடுத்தீர்கள். சமதளமில்லாத இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்தது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. இல்லை. அவை எடைக்கற்கள். பழைய எடைமேடையைக் கழற்றியபோது எனக்குக் கொடுத்தவை. ஒவ்வொன்றும் இருபது கிலோ. ஐம்பத்தெட்டுக்கு அதைவிட நெருக்கமாக என்னிடம் வேறு கல் இல்லை. அவளுக்காக இடம் விட்டுவைத்திருந்தார். நான் அவளை முன்கூட்டியே ஏற்றிவிட்டேன், அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு ஜானைன் வந்தாள். என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். மூன்று வாரம் கழித்து ஆன்டேயின் வேனில் இரண்டு பேரும் வந்து வரவேற்பறையில் ஒரு இருக்கையை இறக்கினார்கள். வண்டி இருக்கை. பச்சை நிறம்.

"கெல்வின் சொன்னது. சனிக்கிழமை வந்து மாட்டிக்கிட்டுப் போறதா இருந்தாரு," என்றாள் ஜானைன். "உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. நாலு மாசமா தினம் போன். இங்க ஒசத்து, அங்க கொற. ஒரு சீட்டுக்கு என் உசுர வாங்கிட்டாரு." பிறகு அழுதாள். ஆன்டே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

நான் அவர்களுக்கு டீ கொடுத்தேன்.

நான் யோசித்துப் பார்த்தது இதுதான், சார்ஜென்ட். மூன்று பேர் நாலு மாதம் என்னிடம் மறைத்தார்கள். நான் ஒரே ஒரு எண்ணை, ஒரு நாள் மறைத்தேன். கெல்வின் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லியிருக்கலாம். நான் நேருக்கு நேர் கேட்டேன். இந்த இருக்கையையும் அவர்கள் பிறகு அவசரமாகத் தைத்திருக்க முடியும். குற்ற உணர்ச்சியில் மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

நேற்று மதியம் அதில் உட்கார்ந்து பார்த்தேன். இடது பக்கம் மட்டும் மெத்தென்று இருந்தது. எனக்கு இடது இடுப்பெலும்பில் வலி உண்டு. நீண்ட பயணங்களில் ஒரு துண்டைச் சுருட்டி அங்கே வைத்துவிடுவது கெல்வினின் வழக்கம். இதை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. பெல்ட் இருக்கையோடேயே பொருத்தப்பட்டது. இழுத்துப் போட்டேன். கொக்கி முதல் தடவையே பூட்டிக்கொண்டது.

மிச்சத்தைக் கையால் அளந்து பார்த்தேன். ஒரு சாண் இருக்கிறது.